விட்டுக் குடு

அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் வருவது வயிற்றெரிச்சல்தான். இத்தனை வருடம் கழித்தும் அது அடங்கவில்லை. என்னைவிட இரண்டு வயது இளையவன். தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில், எங்கள் காம்பிரா அறையிலிருந்து நாலு கதவு தள்ளிப் பிறந்தவன். ஆனாலும் தோட்டத்தில் அத்தனை பேருக்கும் அவன் ‘அவரு’. நான் வெறும் பாருவக்காரன்.

எங்கள் தோட்டம் யட்டியாந்தோட்டைக்கு மேலே, களனி கங்கையின் இரண்டு கரையிலுமாகக் கிடந்தது. லயமும் ரப்பர் மலையும் ஒரு கரையில், பெக்டரியும் ஆபீசும் மறு கரையில். அந்தக் காலத்தில் நடுவில் பாலம் கிடையாது. இரண்டு வள்ளங்களைச் சேர்த்து மேலே பலகை அடித்தால் அதுதான் பாருவ. கரைக்குக் கரை ஒரு தடித்த இரும்புக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. பாருவயின் முன்பக்கக் கயிறு ஒரு வளையத்தில் மாட்டி அந்தக் கம்பியோடு ஓடும். நான் மூங்கில் கம்பை ஊன்றித் தள்ளுவேன். ரப்பர் பால் வாளிகளும், மரத்தில் பால் வெட்டும் பெண்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும், சமயத்தில் தோட்டத்து மேனேஜர் துரையின் மோட்டார் சைக்கிளும் என் கம்பை நம்பித்தான் அக்கரை போனார்கள். எட்டு வருடம் அப்படிப் போனார்கள். ஒரு தகரப் போணிகூட ஆற்றில் விழுந்ததில்லை.

அப்புறம் இவன் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கொழும்புத் துறைமுகத்தில், ஹாபரில், ஒரு கொன்ட்ராக்ட்காரரின் டக் போட்டில் ஐந்து வருடம் கயிற்று வேலை பார்த்திருக்கிறான். பெரிய கப்பலை இழுத்தும் தள்ளியும் ஜெட்டியில் சேர்க்கிற சின்னப் படகுக்குத்தான் டக் என்று பெயர். நாட்டு நிலைமை கெட்டு, ஹாபருக்குள் நுழைய ஒன்றுக்கு இரண்டு பாஸ் வேண்டும் என்று ஆனபோது தமிழ்ப் பெயர் உள்ளவர்களைக் கொன்ட்ராக்ட்காரர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஒரு சுருள் நைலோன் கயிறும், ஒரு பிஸ்கட் டின்னும், பேச்சுக்கு நூறு கப்பலுமாக ஊருக்கு வந்தான். ‘உனக்கு ஒத்தாசைக்கு’ என்று துரை அவனைப் பாருவயில் போட்டார். ஒரு மாதத்துக்குள் யார் யாருக்கு ஒத்தாசை என்பது எனக்கே தெரியாமல் போய்விட்டது.

அந்த பிஸ்கட் டின்னில் காய்ந்த ரப்பர் கொட்டைகள் இருக்கும். காலையில் கரைக்கு வந்ததும் ஒரு கொட்டையை எடுத்து, பாருவ கட்டுகிற கல்லுக்கு நேரே ஆற்றில் போடுவான். அது மிதந்து கீழே இருக்கும் மூங்கில் புதரைத் தாண்டுகிற வரைக்கும் எண்ணுவான். எட்டு எண்ணியும் தாண்டவில்லை என்றால் போகலாம். எட்டுக்குள் தாண்டிவிட்டால் போகக்கூடாது. கப்பலிலும் இப்படித்தான் ஒரு கட்டைத் துண்டைப் போட்டுப் பார்ப்பார்களாம். எனக்குச் சிரிப்பாக வந்தது. எட்டு வருடம் தண்ணீரைக் கண்ணால் பார்த்தே சொன்னவன் நான். ஆனால் பெண்கள் அன்றிலிருந்து கரைக்கு வந்ததும் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ‘அவரு கொட்ட போட்டுட்டாரா?’ என்று கேட்டுவிட்டுத்தான் வாளியை இறக்கி வைப்பார்கள். அதில் முதல் ஆள் என் மனைவி பாக்கியம்.

அவள் பால் வெட்டுக்காரி. பாருவயில் எப்போதும் பின்பக்கம் பார்த்துத்தான் உட்காருவாள். முன்னால் பார்த்தால் ஓடுகிற தண்ணீர் தலையைச் சுற்றுகிறது என்பாள். வீட்டில் நான் என்ன சொன்னாலும் அதற்கு மேல் ஒன்று சொல்லுகிறவள், அவன் சொன்னால் மட்டும் மறுபேச்சுப் பேசமாட்டாள். தப்பாக ஒன்றும் இல்லை, அது எனக்கே தெரியும். தப்பு இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

வேலையில்லாத மத்தியானங்களில் கல்லில் உட்கார்ந்து ஹாபர் கதை சொல்லுவான். கப்பலை ஓட்டுவது பெரிய காரியம் இல்லை, நிறுத்துவதுதான் வேலை என்பான். ஜெட்டிக்குக் கிட்டே வரும்போது வேகத்தைக் குறைத்தாக வேண்டும்; வேகம் குறைந்தால் சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்காது; அந்த நேரம் பார்த்துத்தான் காற்று வந்து பக்கத்தில் தள்ளும். சரக்கு ஏற்றிய கப்பல் ஆழத்தில் கிடப்பதால் அதைத் தண்ணீர் இழுக்கும். காலிக் கப்பல் வீடு மாதிரி உயர்ந்து நிற்பதால் அதைக் காற்று இழுக்கும். தென்மேல் காற்றுக் காலத்தில் வெளியே கடல் பொங்கினால், அலை தடுக்கிற சுவருக்குள்ளேயும் கப்பல் ஏறி ஏறி இறங்குமாம். கட்டிய கயிறெல்லாம் முறுக்கிக்கொண்டு அழுமாம். அப்படிப்பட்ட நாட்களில் கப்பலைக் கொண்டுவரப் போகிற பைலட் ஐயா வெளியே நின்று பார்த்துவிட்டு, ‘இன்றைக்கு வேண்டாம், நிற்கட்டும்’ என்று திரும்பி வந்துவிடுவாராம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை. திரும்பி வந்ததில் என்ன பெருமை என்று எனக்குப் புரியவில்லை.

களனி கங்கை ஹாபருக்குப் பக்கத்தில்தான் கடலில் விழுகிறது. மேலே மழை என்றால் இரண்டு நாளில் அங்கே கடல் பழுப்பாகிவிடுமாம், மரங்கள் மிதந்து வருமாம். டக் போட்டின் விசிறியில் சிக்கிவிடக் கூடாதே என்று இவர்கள் முன்னால் நின்று பார்த்துக்கொண்டே போவார்களாம். ஒருநாள் வெட்டுத் தழும்போடு ஒரு ரப்பர் மரம் வந்ததாம். ‘சாய்ச்சு வெட்டுன வெட்ட பாத்தேன், நம்ம பக்கத்து ஆளுக கைதான்’ என்றான். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஹொரணைப் பக்கமும் அப்படித்தான் வெட்டுவார்கள் என்று நான் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

பாருவயின் மேலே வெயிலுக்கும் மழைக்குமாக நான் ஒரு தார்ப்பாய் கட்டி வைத்திருந்தேன். காற்று அடிக்கிற நாட்களில் அவன் அதை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிடுவான். காலிக் கப்பல் கதைதான். பெண்கள் தொப்பலாக நனைந்துகொண்டு அக்கரை போவார்கள், ஒருத்தி வாய் திறக்க மாட்டாள். அதே தார்ப்பாயில் விரலளவு ஓட்டை இருந்ததற்காக முந்தின வருடம் என்னை என்ன பாடு படுத்தினார்கள் தெரியுமா?

நைலோன் கயிற்றுக்கு வருகிறேன். தண்ணீர் கூடிய நாட்களில் பாருவயின் பின்பக்கத்தில் அதைக் கட்டி, கரையில் நின்ற கும்புக் மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றான். அந்தக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் பாருவயின் பின்பக்கம் ஆற்றோட்டத்தோடு கீழ்நோக்கிச் சாயும். அப்படிச் சாய்வாக நின்றால் அடித்துக்கொண்டு வருகிற தண்ணீரே பாருவயைக் குறுக்கே தள்ளி அக்கரை சேர்த்துவிடும், கம்புகூட வேண்டாம் என்றான். முதல் நாள் அவன் பாருவயில், நான் கரையில். என் பாருவக்கு நானே கயிறு பிடிக்கிற ஆள்.

நடு ஆற்றில் நின்று அவன் என்னைப் பார்த்துக் கத்தினான். ‘விட்டுக் குடுண்ணே! விட்டுக் குடு!’

இரண்டு கரையிலும் ஆட்கள் நின்றார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. இத்தனை பேருக்கு முன்னால் வேலையை விட்டுக்கொடு என்கிறானே என்றுதான் நினைத்தேன். விடுவேனா? பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்தேன். பாருவ வெட்டி உதறியது. இரண்டு வாளிப் பால் ஆற்றில் கொட்டி, கீழே பாறை வரைக்கும் வெள்ளைக் கோடாக ஓடியது.

திரும்பி வந்ததும் அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்து, ஹாபரில் கயிறு தளர்த்தச் சொல்லும்போது அப்படித்தான் கத்துவார்கள் என்று விளக்கினான். கடல் பொங்கி கப்பல் ஏறும்போது கயிற்றை விடாமல் பிடித்திருந்தால் கயிறு அறுந்து வீசும். அப்படி ஒரு ஆளுக்கு முழங்காலுக்குக் கீழே போனதை அவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

‘கயித்துக்கு ரோசம் கூடாதுண்ணே’ என்றான். ‘புடிக்கிறவன் ரோசப்பட்டா கயிறும் ரோசப்பட்டுரும்.’

அன்றிலிருந்து லயத்துப் பையன்கள் என்னைக் கண்டால் ‘விட்டுக் குடு’ என்று கத்திவிட்டு ஓடுவார்கள்.

அந்த வார்த்தை அவனுக்குக் கயிற்றோடு நிற்கவில்லை. பைப்படியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பின்னால் வந்தவளை முன்னால் விடுவான். யட்டியாந்தோட்டை பஸ்ஸில் இடம் கிடைத்தால் ஏறுகிற முதல் ஆளுக்கு எழுந்து கொடுப்பான். பஜாரில் எங்களுக்குச் சாமான் கொடுக்கிற முஸ்லிம் கடைக்கார நானா, ‘அவரு மாதிரி மனுசன் ஆயிரத்துல ஒருத்தர்’ என்று என்னிடமே சொன்னார், என் மூட்டையைக் கட்டிக்கொண்டே. மாரியம்மன் திருவிழாவுக்கு ஆற்றங்கரையில் கரகம் பாலித்து, பூச் சுற்றிச் சோடித்து, அதைப் பாருவயில் ஏற்றி அக்கரைக் கோயிலுக்குக் கொண்டு போவது எங்கள் வழக்கம். எட்டு வருடமாக அது என் கையில் போனது. அந்த வருடம் தோட்டத்துச் சங்கத் தலைவர் அவனைப் பார்த்து, ‘நீங்க கொண்டு போங்க’ என்றார். அவன் உடனே என் பக்கம் திரும்பி, ‘அண்ணன் கொண்டு போகட்டும்’ என்றான். கொண்டுபோனேன். தப்பு மேளம் முழங்க, தலை நிமிர்ந்துதான் நின்றேன். ஆனால் எனக்குச் சொந்தமாக இருந்ததை இன்னொருவன் எனக்குத் தருமம் செய்தது போல இருந்தது. அவன் பிடுங்கியிருந்தால் நான் அவனை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

அந்த வருடம் முடியுமுன் துரை எங்களைக் கூப்பிட்டார். பாருவக்கு இரண்டு ஆள் தேவையில்லை, அடுத்த மாதத்திலிருந்து ஒருவர்தான், மற்றவர் புல் வெட்டப் போகவேண்டும். யார் என்பதை மாதக் கடைசியில் சொல்லுவதாகச் சொன்னார். யாரை வைப்பார் என்று தோட்டத்தில் ஒரு குழந்தையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும்.

இனிச் சொல்லப்போவது அந்த மாதத்துக்குள் நடந்தது.

எங்களுக்கு மேலே வானம் துடைத்து விட்டது போல இருந்தது. மழை இல்லாததால் காலையில் பால் நன்றாக ஓடி, வாளிகள் நிறைந்திருந்தன. ஆனால் ஆறு பழுப்பாகக் கிடந்தது. மேலே கினிகத்தேனைப் பக்கம் இரவெல்லாம் கொட்டியிருக்கிறது. பன்னிரண்டு பெண்கள் வாளிகளோடு கரையில் நின்றார்கள். அவன் கொட்டையைப் போட்டான். ஐந்து எண்ணுவதற்குள் மூங்கில் புதரைத் தாண்டிவிட்டது.

‘இன்னைக்கி வேணாம்’ என்றான். ‘ஒரு ரெண்டு மணித்தியாலம் பொறுங்க, வடிஞ்சிரும்.’

இரண்டு மணித்தியாலத்தில் வாளியில் பால் கட்டிவிடும். வெட்டியது அத்தனையும் வீண். அக்கரையில் பெக்டரி கிளாக்கர் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் துரையும் வந்து நிற்பதைப் பார்த்தேன். எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. ‘நான் கொண்டு போறேன், ஏறுங்க’ என்றேன்.

பெண்கள் அவனைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று இன்னொரு தரம் சொன்னான், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நான் கம்பை எடுத்துவிட்டேன். பாக்கியம்தான் முதலில் ஏறினாள். புருஷன் கூப்பிட்டு ஏறாமல் நின்றால் எனக்கு எவ்வளவு அவமானம் என்று அவளுக்குத் தெரியும். அவள் ஏறியதும் மற்றவர்களும் ஏறினார்கள்.

‘அண்ணே, பின்னால கயிறு மட்டும் கட்டிக்கிறேன்’ என்றான்.

‘ஒன் கயிறு ஒண்ணும் வேணாம். நீயே வச்சுக்க’ என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனேன்.

பாதி ஆறு சரியாகத்தான் போனது. நடுவில் வேகம் பிடித்ததும் என் கம்புக்குத் தரை எட்டவில்லை. முன்பக்கம் கீழ்நோக்கித் திரும்பத் தொடங்கியது. கம்பியில் மாட்டியிருந்த வளையம் ஓடாமல் இறுகி நின்றது. மேல்பக்கத்து வள்ளம் தாழ்ந்து, பலகைக்கு மேலே தண்ணீர் ஏறியது. ஒரு வாளி உருண்டு போனது. கீழே பாறையில் தண்ணீர் அடித்து நுரைப்பது தெரிந்தது. பெண்கள் மாரியாத்தா என்று கூப்பிட்டார்கள். இல்லாத தரையைக் கம்பால் குத்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

திடீரென்று பாருவயின் பின்பக்கம் மெல்ல, ஒரு ஆள் கையைப் பிடித்து நகர்த்துகிற மாதிரி, கீழே சாய்ந்தது. முன்பக்கம் நிமிர்ந்தது. வளையம் கிரீச்சென்று ஓட ஆரம்பித்தது. அதே தண்ணீர் எங்களைக் குறுக்கே தள்ளிக்கொண்டு போய் அக்கரையில் முட்டியது.

கிளாக்கர் என் முதுகில் தட்டினார். துரை, ‘மே மினிஹா ஹொந்தய்’ என்றார். ஆள் நல்லவன் என்று சிங்களத்தில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. பெண்கள் வாளிகளோடு கரையேறினார்கள். நான் பாருவயைக் கட்டுவதற்குப் பின்பக்கம் போனேன். பலகைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நைலோன் கயிறு கட்டியிருந்தது. நான் முன்பக்கம் திரும்பிய நேரத்தில் கட்டியிருக்கிறான். கயிறு ஆற்றில் தளர்ந்து மிதந்தது. மறுமுனையில் மரமும் இல்லை, ஆளும் இல்லை. விட்டு வந்த கரையைப் பார்த்தேன். அவன் கழுத்தளவு தண்ணீரில், கும்புக் மரத்தின் வேரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். மரத்திலிருந்து விட்டதில் கயிற்றின் நீளம் போதாமல், மரத்துச் சுற்றையும் அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே ஆற்றுக்குள் இறங்கியிருக்கிறான். கடைசியில் நுனியையும் விட்டுவிட்டான்.

யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். மளமளவென்று அந்தக் கயிற்றை இழுத்துச் சுருட்டி, பலகைக்கு அடியில் திணித்தேன்.

தண்ணீர் வடிந்து நான் திரும்பியபோது அவன் ஈரச் சாரத்தோடு கல்லில் உட்கார்ந்திருந்தான். ‘பயத்துல ஆத்துல வுழுந்துட்டீங்களா?’ என்று ஒருத்தி கேட்டாள். ‘ஆமா, கால் வழுக்கிருச்சு’ என்று சொல்லிச் சிரித்தான். என்னைப் பார்த்தும் சிரித்தான். இப்போதாவது இவனைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இருக்கக்கூடாதா என்று என் மனதிடம் கேட்டேன். அது முன்னைவிட எரிந்தது. வேலையை எனக்குக் கொடுத்தான், பேரை எனக்குக் கொடுத்தான், கயிற்றையும் எனக்கே கொடுத்தான். எனக்குக் கொடுக்க அவனிடம் எப்போதும் ஏதோ ஒன்று இருந்தது.

மாதக் கடைசியில் துரை என்னை வைத்துக்கொண்டார். அவன் புல் வெட்டப் போனான். இரண்டு வருடம் கழித்து கித்துல்கலையில், வெள்ளைக்காரர்கள் ரப்பர் படகில் ஆற்றில் விளையாடுகிற ஒரு இடத்தில் வேலை கிடைத்துத் தோட்டத்தை விட்டுப் போய்விட்டான். ஒருமுறை ஹட்டன் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். சிவப்புச் சட்டை மாட்டிய வெள்ளைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கரையில் கையைக் கட்டி நிற்க, அவன் தண்ணீர் ஓரத்தில் குந்தி, டின்னிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துப் போட்டான். அவர்களும் அவன் எண்ணி முடிக்கிற வரைக்கும் காத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ஹட்டன் வரைக்கும் மனசு சரியில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாளுக்குப் பிறகு நானும் ஒரு டின் வைத்திருந்தேன். ஆள் வருமுன் விடியலில் கரைக்குப் போய், ஒரு கொட்டையைப் போட்டு மனதுக்குள் எண்ணுவேன். அவனுக்கு எட்டு போதும். எனக்குப் பன்னிரண்டு வேண்டும். ஆட்கள் வந்த பிறகு வானத்தையும் ஆற்றையும் ஒரு பார்வை பார்த்து, கண்ணால் பார்த்தே சொல்லுகிறவன் மாதிரி ‘போகலாம்’ அல்லது ‘வேணாம்’ என்பேன். பாருவக்காரருக்கு ஆறு பேசுது என்று சொல்லத் தொடங்கினார்கள். என்னையும் ‘அவரு’ என்றார்கள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஒன்பது வருடம் அப்படி ஓடியது. பாலத்துக்கு இரண்டு பக்கமும் தூண் எழும்பிவிட்ட சமயம். ஒரு காலையில் பாக்கியம் வழக்கத்தைவிட வெள்ளென வந்துவிட்டாள். அவளுடைய தங்கைக்கு அக்கரையில் சுகமில்லை. நான் தண்ணீர் ஓரத்தில் குந்தியிருந்தேன், கொட்டையை விட்டுவிட்டேன். அவள் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பத்தில் கொட்டை மூங்கில் புதரைத் தாண்டியது.

‘இன்னைக்கி வேணாம்’ என்றேன், எழுந்து.

‘அவரு எட்டுத்தானே எண்ணுவாரு’ என்றாள்.

நான் டின்னை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனேன். அவள் அதைப் பார்க்காதது போலக் கும்புக் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கோபமே இல்லாத குரலில், அரிசி முடிந்துவிட்டது என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்.

‘அன்னைக்கி நான் பின்பக்கம் பாத்துக்கிட்டுத்தானே ஒக்காந்திருந்தேன். அவரு கழுத்தளவு தண்ணிக்கி எறங்குனதையும் பாத்தேன். நீங்க கயித்தச் சுருட்டி ஒளிச்சதையும் பாத்தேன்.’

‘ஏன் அப்பவே சொல்லல?’ என்றேன்.

‘நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்’ என்றாள். ‘இன்னைக்கி சொல்லுவாரு, நாளைக்கி சொல்லுவாருன்னு.’

ஆறு ஓடிக்கொண்டிருந்தது. நான் பலகைக்கு அடியில் கையை விட்டு, ஒன்பது வருடமாக அங்கேயே கிடந்த அந்த நைலோன் கயிற்றை வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரிப் பின்பக்கத்து முளையில் கட்டினேன். லயத்திலிருந்து பெண்கள் வாளிகளோடு இறங்கி வருவது தெரிந்தது. என்ன கயிறு இது என்று கேட்பார்கள். சொல்லித்தான் ஆகவேண்டும்.

‘அவரு எண்ணிக்கைக்குப் போகலாம், ஏறு’ என்றேன். பாக்கியம் ஏறி, எப்போதும் போலப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள்.